முன்னோர் ஊர் எது? மட்டக்களப்புப் பறங்கியரின் மூதாதையர் தேட்டம்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளையும் அப்பகுதி மக்கள் ஞாயிற்றைக் கொண்டே பெயரிட்டு அழைப்பர். கதிரவன் எழுகின்ற கடலோரப் பக்கம் எழுவான்கரை. அவன் சாய்கின்ற வயற்புறம் படுவான்கரை. இவ்விரு கரைகளிலும் முன்பின் அறியாத இருவர் சந்தித்து நான்கு வார்த்தை பேசுவார்களாயின், ஐந்தாவது வார்த்தை ஊரைப் பற்றியதாகவும், ஆறாவது வார்த்தை குடியைப் பற்றியதாகவும் இருப்பது நெடுங்கால வழக்கம்.

குடி என்பது இங்கே தாய்வழியாக வருவது. காலிங்கா குடி, உலகிப்போடி குடி, பணிக்கனார் குடி என்று வழங்கும் இப்பிரிவுகளில், பிள்ளை தாயின் குடியைச் சேர்ந்ததேயன்றித் தந்தையின் குடியைச் சேர்ந்ததன்று. ஒரே குடிக்குள் மணவினை கொள்வதில்லை. கோயில் திருவிழாவில் எந்த நாட் பூசை எந்தக் குடிக்கு உரியது என்பதும் வரையறுக்கப்பட்டிருக்கும். தமிழரிடம் மட்டுமன்றி அப்பகுதி முஸ்லிம்களிடமும் இவ்வழக்கம் உண்டு. ஆகவே படுவான்கரையிலுள்ள ஓர் உழவரிடம் மூதாதையரைப் பற்றிய ஏடோ பத்திரமோ இல்லாதிருக்கலாம். ஆயினும் தம் தாயின் தாய் எக்குடியினர், எவ்வூரினர் என்பதை அவர் தயங்காமற் கூறுவார்.

ஆனால், அதே வாவிக்கரையில் இக்கேள்விக்கு எளிதில் விடை கூற இயலாத ஒரு சமூகமும் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றது. அவர்களே மட்டக்களப்புப் பறங்கியர். அந்திராடோ, ரொசைரோ, பார்த்தலோட், ராகல், செல்லர், அவுட்ஸ்கோர்ன் என்பன அவர்களிடையே வழங்கும் குடும்பப் பெயர்கள். தச்சு வேலை, கொல்லு வேலை, தையல், சப்பாத்துத் தைத்தல் முதலிய கைத்தொழில்களில் பேர்பெற்றவர்கள். சமயத்தாற் பெரும்பாலும் கத்தோலிக்கர். அயலாரோடு தமிழ் பேசுவர். வீட்டிலே முதியோர் போர்த்துக்கேய மொழியிலிருந்து கிளைத்த ஒரு கலப்பு மொழியைப் பேசுவர். கலியாண வீட்டில் வயலின் இசைக்க, கபிறிஞ்ஞா நடனம் ஆடுவர். "உங்கள் முன்னோர் ஊர் எது?" என்று இவர்களை வினவினால், ஒருவர் போர்த்துக்கல் என்பார், ஒருவர் ஒல்லாந்து என்பார், மற்றொருவர், "நாங்கள் இந்த ஊர்தான்" என்று சொல்லிச் சிரிப்பார். மூவர் சொல்வதிலும் உண்மை உண்டு. அவ்வுண்மையைச் சான்றுகளோடு கண்டறிவது எவ்வாறு என்பதே இங்கு விளக்கப்படுகின்றது.

முதலில் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். போர்த்துக்கேயர் மட்டக்களப்பிலே கோட்டை கட்டியது 1628-ஆம் ஆண்டில். பத்தே ஆண்டுகளில், 1638-இல், கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனும் ஒல்லாந்தரும் சேர்ந்து அதனைக் கைப்பற்றினர். 1658-இல் யாழ்ப்பாணக் கோட்டையும் வீழ்ந்தபின் போர்த்துக்கேயர் ஆட்சி இலங்கையில் முற்றுப்பெற்றது. ஆட்சி போயினும், இந்நாட்டுப் பெண்களை மணந்து இங்கேயே வேரூன்றியிருந்த குடும்பங்கள் போய்விடவில்லை. பின்னர் ஒல்லாந்தக் கம்பனியின் சேவையில் வந்த போர்வீரரும் கைவினைஞரும் எழுதுவினைஞரும் பெரும்பாலும் தனியாட்களாகவே வந்தனர். அவர்களிற் பலர் முன்னைய போர்த்துக்கேய மரபினரான பெண்களையும் இந்நாட்டுப் பெண்களையும் மணந்துகொண்டனர். ஆங்கிலேயர் 1795-இல் மட்டக்களப்புக் கோட்டையைப் பெற்றபோது, அங்கிருந்த பறங்கியரிடையே தந்தையின் பெயர் ஒல்லாந்தப் பெயராகவும், தாயின் மொழி போர்த்துக்கேயக் கலப்பு மொழியாகவும், பாட்டியின் பிறப்பிடம் வாவிக்கரையாகவும் அமைந்த குடும்பங்கள் பல இருந்தன.

இங்கேதான் மூதாதையரைத் தேடுவோர் முதலாவது தவற்றைச் செய்கின்றனர். பெயரை மட்டும் பற்றிக்கொண்டு கடல்கடந்து ஓடுகின்றனர். அவுட்ஸ்கோர்ன் என்ற பெயர் ஒல்லாந்து தேசத்து ஊர்ப்பெயர் ஒன்றை நினைவூட்டுகின்றது என்பது உண்மை. அதனால் அப்பெயருடைய குடும்பத்தின் முதல்வர் அவ்வூரிலே பிறந்தவர் என்று முடிவுகட்டிவிட முடியாது. ஊர்ப்பெயர் பல தலைமுறைகளுக்கு முன்னரே குடும்பப் பெயராகி, வேறோர் ஊருக்குப் போயிருக்கலாம். ஒரே பெயர் தொடர்பற்ற இரு குடும்பங்களுக்கு வாய்த்திருக்கலாம். எழுதுவோன் பிழையால் ஒரு பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கலாம்.

இவ்விடர்ப்பாடு மட்டக்களப்புக்கு மட்டும் உரியதன்று. உலகில் மூதாதையரைத் தேடும் முயற்சியில் மிகுந்த பழக்கம் பெற்றவர்களுள் அயர்லாந்திலிருந்து குடிபெயர்ந்தோரின் வழித்தோன்றல்களைக் குறிப்பிடலாம். 1845-ஆம் ஆண்டு தொடங்கிய பெரும் பஞ்சத்தில் அந்நாட்டில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் நாட்டை விட்டு வெளியேறினர். அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு எஞ்சியதெல்லாம் மேர்பி, ஓபிரையன் போன்ற பெயரும், அயர்லாந்து என்ற ஒரு சொல்லுமே. மேர்பி என்ற பெயருடையோர் அங்கே எண்ணிறந்தோர். ஆதலால் அவர்கள் அனுபவத்தாற் கற்ற பாடம் ஒன்று உண்டு: பெயரைத் தேடாதே, கோயிற்பற்றைத் தேடு. முன்னோர் எந்தக் கோயிற்பற்றில் ஞானஸ்நானம் பெற்றார் என்பது தெரிந்தால், மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்படும். அது தெரியாதவரை ஆயிரம் மேர்பிகளுள் எவர் தம் பாட்டனார் என்பதை எவராலும் சொல்ல இயலாது. அவர்கள் அந்தக் கோயிற்பற்றின் பெயரைத் தேடியது அயர்லாந்திலன்று. குடியேறிய நாட்டிலேயே, கல்லறைக் கல்லிலும், மரண அறிவித்தலிலும், விவாகப் பதிவேட்டின் ஓரக்குறிப்பிலும் தேடினர்.

அயர்லாந்து கற்பிக்கும் பாடம் இன்னொன்றும் உண்டு. 1922-ஆம் ஆண்டு யூன் மாதம் 30-ஆந் திகதி, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் நகரிலிருந்த அரசாங்கப் பதிவேட்டு நிலையம் வெடித்து எரிந்தது. பல நூற்றாண்டுப் பத்திரங்களும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதிக் குடிசன மதிப்பு ஏடுகளிற் பெரும்பாலானவையும், அங்கே சேர்த்து வைக்கப்பட்டிருந்த புரட்டஸ்தாந்த திருச்சபையின் பதிவேடுகள் பலவும் ஒரே நாளில் சாம்பலாயின. கத்தோலிக்கக் கோயிற்பற்றுகளின் ஏடுகளோ அந்நிலையத்துக்கு அனுப்பப்படாமல் அந்தந்தக் குருமனைப் பெட்டிகளிலேயே கிடந்தன, அதனாற் பிழைத்தன. 2015-இல் அவற்றின் நுண்படப் பிரதிகளை அந்நாட்டுத் தேசிய நூலகம் உலகோர் யாவரும் இணையத்திற் பார்க்கும்படி வெளியிட்டது.

இம்முறையை மட்டக்களப்புக்குப் பொருத்திப் பார்ப்போம். கற்பனையாக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். புளியந்தீவிலே தச்சுப் பட்டறை வைத்திருந்த ஒருவரின் பேரன் அவுஸ்திரேலியாவில் வாழ்கின்றான். இலங்கை சுதந்திரம் பெற்ற 1948-ஆம் ஆண்டின் பின்னரும், சிறப்பாக 1956-ஆம் ஆண்டின் மொழிச் சட்டத்தின் பின்னரும், பறங்கியர் பலர் அந்நாடு சென்றனர். பேரனுக்குத் தெரிந்தது பாட்டனாரின் பெயரும் மட்டக்களப்பு என்ற ஊர்ப்பெயரும் மாத்திரமே. அவன் செய்ய வேண்டுவன யாவை?

முதற்படி, உயிரோடிருக்கும் முதியோரை அணுகுதல். "பாட்டனார் யார்?" என்று பொதுப்படக் கேட்பதிற் பயனில்லை. எந்தக் கோயிலிற் பூசை கண்டார்கள், எந்தச் சேமக்காலையில் அடக்கம் செய்தார்கள், பிள்ளைகளுக்கு ஞானத்தாய் தந்தையராக நின்றவர் யார் என்றே கேட்டல் வேண்டும். புளியந்தீவு மரியன்னை பேராலயமா, தாண்டவன்வெளிக் கோயிலா என்பது தெரிந்தாலே தேடவேண்டிய ஏடுகள் பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடும்.

இரண்டாம்படி, அரசாங்கப் பதிவு. இலங்கையிற் பிறப்பு இறப்புப் பதிவு 1867-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழுங்குபெற்றது. அயர்லாந்தில் அத்தகைய பொதுப் பதிவு தொடங்கியது அதற்கு மூன்றே ஆண்டுகள் முன்னர், 1864-இல். நம் நாட்டுப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்திலே தாயின் கன்னிப் பெயரும் பெற்றோரின் இனமும் எழுதப்படும். பிற்காலப் படிவங்களில் பாட்டனாரின் பெயரும் பிறந்த இடமும் கேட்கப்பட்டுள்ளன. ஆகவே ஒரு பத்திரம் மூன்று தலைமுறைகளுக்கு வழிகாட்டக் கூடும்.

மூன்றாம்படி, கோயில் ஏடு. கத்தோலிக்க ஞானஸ்நானப் பதிவேட்டில் பிள்ளையின் பெயர், பிறந்த நாள், பெற்றோர், ஞானப்பெற்றோர், குருவானவரின் கையொப்பம் ஆகியன இருக்கும். பழைய ஏடுகளில் இவை இலத்தீன் மொழியில் அமைந்திருத்தல் கூடும். வீட்டிலே சந்தியாகு என்றோ யேம்ஸ் என்றோ அழைக்கப்பட்டவர் ஏட்டில் யாக்கோபுஸ் என்று தோன்றுவார். இதனை அறியாதவர் தம் பாட்டனாரின் பெயரைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டே ஏட்டைப் புரட்டிப் போய்விடுவர். 1908-ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த திருச்சபைக் கட்டளையின்படி, ஒருவர் விவாகம் செய்தால் அச்செய்தியை அவர் ஞானஸ்நானம் பெற்ற கோயிலின் ஏட்டிலும் ஓரக்குறிப்பாக எழுதுதல் வேண்டும். திருக்கோணமலையிற் பெண்கொண்ட மட்டக்களப்பு மாப்பிள்ளையை இக்குறிப்பே காட்டிக்கொடுக்கும்.

ஞானப்பெற்றோரின் பெயரையும் அலட்சியம் செய்தல் ஆகாது. அவர்கள் பெரும்பாலும் மாமன், அத்தை முதலிய நெருங்கிய உறவினரே. தந்தையின் ஏடு கிடைக்காதபோது ஞானத்தாயின் ஏட்டைப் பின்பற்றிச் சென்றால் குடும்பத்தின் பழைய கோயிற்பற்றை அடைந்துவிடலாம்.

ஏடு எங்கே இருக்கும் என்பதற்கும் வரலாற்றறிவு வேண்டும். மட்டக்களப்பு முன்னர் யாழ்ப்பாண மேற்றிராசனத்தின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. 1893-இல் திருக்கோணமலை தனி மேற்றிராசனமாயிற்று. 1895 முதல் பிரெஞ்சு இயேசுசபைக் குருமார் அங்கே பணிபுரிந்தனர். 2012-இல் மட்டக்களப்பு தனி மேற்றிராசனமாகப் பிரிக்கப்பட்டது. ஆகையால் கோயிலிற் காணாத செய்தி, அக்காலத்து ஆயரகம் இருந்த ஊரிலே கடிதமாகவோ அறிக்கையாகவோ கிடக்கலாம். குடும்பம் மெதடிஸ்த சபையைச் சார்ந்ததாயின் வழி வேறு. வில்லியம் ஓல்ட் என்னும் பாதிரியார் 1814-இல் மட்டக்களப்புக்கு வந்து அச்சபையின் பணியைத் தொடங்கினார். தேடுவோர் அச்சபையின் ஏடுகளையே நாடுதல் வேண்டும்.

ஒல்லாந்தர் காலத்தை எட்டும்போது மற்றொரு புதிர் எதிர்ப்படும். அவர்கள் கத்தோலிக்கக் குருமாரை நாட்டினின்றும் விலக்கியிருந்தனர். கோவாவிலிருந்து வந்த குருமார் மறைவாகவே பணிசெய்தனர். அவர்களுள் முதல்வரான யோசே வாஸ் 1687-இல் இலங்கையை அடைந்தவர். அந்நாளில் விவாகமும் வாரிசுரிமையும் சட்டப்படி செல்லுபடியாக வேண்டின், ஒல்லாந்தச் சபையின் ஏட்டிற் பதிவுபெறல் வேண்டும். ஆகவே மனத்தாற் கத்தோலிக்கராய் இருந்த குடும்பத்தின் பெயர் ஒல்லாந்தச் சபையின் ஏட்டிலே காணப்பட்டால் வியப்படைய வேண்டியதில்லை. கத்தோலிக்கருக்கு எதிரான கட்டுப்பாடுகள் ஆங்கிலேயர் ஆட்சியில் 1806-ஆம் ஆண்டிலேதான் நீக்கப்பட்டன. ஒல்லாந்தர் விட்டுச்சென்ற அரசாங்க ஏடுகள் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்திற் பேணப்படுகின்றன. பல நாடுகளிற் பரந்து கிடக்கும் அக்கம்பனியின் சுவடிகளை யுனெஸ்கோ நிறுவனம் 2003-இல் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்துச் சிறப்பித்தது.

தந்தைவழி முதல்வர் கம்பனியின் போர்வீரராயின், தேடல் கடலைக் கடக்கும் இடம் இதுவே. கம்பனி ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு சம்பளப் பேரேடு வைத்திருந்தது. ஆளின் பெயர், அவர் எந்த ஊரினர், எப்போது கப்பலேறினார், எங்கே சேவை முடிந்தது என்பன அதில் எழுதப்பட்டன. ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட இத்தகைய பதிவுகள் நெதர்லாந்துச் சுவடி நிலையத்தாரால் அட்டவணைப்படுத்தப்பட்டுள்ளன. அவற்றைப் பார்ப்போர் ஒன்றைக் கண்டு திகைப்பர்: ஒல்லாந்தர் என்று கருதப்பட்டவர்களிற் பெருந்தொகையினர் யேர்மனிய, சுவிட்சர்லாந்து, பெல்சிய ஊர்களைச் சேர்ந்தவர்கள். ஊர் தெரிந்தபின் அவ்வூர்த் தேவாலயத்தின் ஏட்டை நாடலாம். அயர்லாந்து மரபினன் தன் கோயிற்பற்றை அடைவது போலவே, புளியந்தீவுத் தச்சரின் பேரனும் ஐரோப்பாவின் ஒரு சிற்றூரை அடையக்கூடும்.

பலருடைய தேடல் இவ்விடத்தில் நின்றுவிடுகின்றது. ஐரோப்பிய ஊர் ஒன்று கிடைத்ததும் குடும்ப வரலாறு முற்றுப்பெற்றது என்று எண்ணுவர். 1908-இல் கொழும்பிலே நிறுவப்பட்ட ஒல்லாந்தப் பறங்கியர் ஐக்கியம், கம்பனியின் சேவையிலிருந்த ஐரோப்பியரிடமிருந்து ஆண்வழியில் வந்தோரையே உறுப்பினராக ஏற்றது. அதன் சஞ்சிகை வெளியிட்ட வம்சாவளிகள் ஆராய்ச்சியாளருக்குப் பெருந்துணை என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆண்வழியே மதிப்புக்குரியது என்ற அளவுகோலால், மட்டக்களப்புக் கைத்தொழிலாளக் குடும்பங்கள் தாழ்வாக நோக்கப்பட்டன. அந்த அளவுகோலை அக்குடும்பங்களும் ஏற்றுக்கொண்டு, தம் பாட்டிமாரின் ஊரைச் சொல்லக் கூசிய காலம் ஒன்று இருந்தது.

சிறிது சிந்தித்தால் இதன் குறை விளங்கும். ஒருவருக்கு எட்டுத் தலைமுறைக்கு முன் இருநூற்றைம்பத்தாறு மூதாதையர் உண்டு. அவர்களுள் குடும்பப் பெயரைத் தந்தவர் ஒருவரே. மற்றையோர் எங்கே? அவர்களிற் பெரும்பாலோர் இந்நாட்டிலேயே பிறந்தவர்கள். பறங்கியரின் வீட்டு மொழியே இதற்குச் சான்று. ஒல்லாந்தர் ஆட்சி ஒரு நூற்றாண்டுக்கு மேல் நிலைத்தும், ஒல்லாந்த மொழி அவ்வீடுகளில் நிலைக்கவில்லை. பிள்ளைகள் தாயின் மடியிற் கேட்ட போர்த்துக்கேயக் கலப்பு மொழியே நிலைத்தது. அதிலும் நூற்றாண்டுக் கணக்காகத் தமிழின் சாயல் படிந்து, அதன் வாக்கிய அமைப்பே தமிழை ஒத்ததாக மாறிவிட்டது என்பது மொழியியலார் கண்ட உண்மை. தந்தையர் பெயரைத் தந்தனர். பேசும் வாயைத் தந்தவர் தாய்மாரே.

ஆகவே ஆண்வழித் தேடல் முடிந்த இடத்தில், அயலவரான தமிழரும் முஸ்லிம்களும் கேட்கும் கேள்வியைப் பறங்கியரும் கேட்டல் வேண்டும்: தாய் எவ்வூர், தாயின் தாய் எவ்வூர்? இவ்வழி கடினமானது. திருமணந்தோறும் பெண்ணின் பெயர் மாறிவிடுகின்றது. பழைய ஏடுகளிற் சில, தாயின் ஞானஸ்நானப் பெயரை மட்டும் எழுதி, அவள் பிறந்த வீட்டைக் குறிக்காமல் விடுகின்றன. எனினும் விவாக ஏடு, ஞானத்தாயின் பெயர், நொத்தாரிசு எழுதிய சீதன உறுதி ஆகிய மூன்றையும் இணைத்துப் பார்த்தால் ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிச் செல்லலாம்.

இதற்குக் காலம் மிகுதியாக இல்லை என்பதையும் கூறாமல் விடலாகாது. 1978-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆந் திகதி வீசிய சூறாவளி மட்டக்களப்பை நிலைகுலையச் செய்தது. பின்னர் நெடுங்காலப் போர் வந்தது. 2004-ஆம் ஆண்டு திசெம்பர் 26-ஆந் திகதி எழுந்த கடற்கோள், பறங்கியர் செறிந்து வாழ்ந்த டச்பார்க் கரையைத் தாக்கி, உயிர்களோடு வீடுகளையும் வாரிச் சென்றது. வீட்டுப் பெட்டியிலிருந்த விவாகப் பத்திரமும், செபப் புத்தகத்தின் முன்தாளில் எழுதிய பிறந்தநாட் குறிப்புகளும், சுவரில் தொங்கிய படங்களும் வீட்டோடு போயின. அயர்லாந்தின் ஏடுகள் ஒரு கட்டடத்தில் எரிந்தன. இங்கே அவை வீடு வீடாக அழிந்தன. எஞ்சியவற்றைப் படமெடுத்து வேறோர் இடத்திலும் ஒரு பிரதி வைத்தல் இன்று எளிது. கைத்தொலைபேசி ஒன்றே அதற்குப் போதும்.

முதியோரின் நினைவைப் பொறுத்தவரை அவசரம் இன்னும் மிகுதி. அக்கலப்பு மொழியை 1970-களில் இயன் சிமித் என்னும் மொழியியலார் மட்டக்களப்பிலே தங்கி ஆராய்ந்தார். 2010-களின் பிற்பகுதியில் லிஸ்பன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஊகோ கார்டோசோவின் குழுவினர் அதனை ஒலிப்பதிவு செய்தனர். இவ்விரு முயற்சிகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் அம்மொழியைச் சரளமாகப் பேசுவோர் தொகை வெகுவாகக் குறைந்துவிட்டது. பாட்டியோடு மொழி போகும்போது, அம்மொழியில் மட்டுமே சொல்லப்பட்டு வந்த உறவுக் கதைகளும் போய்விடுகின்றன. கோயில் ஏட்டை அடுத்த ஆண்டும் பார்க்கலாம். எண்பது வயது மூதாட்டியின் வாய்மொழியை அடுத்த ஆண்டு கேட்கலாம் என்று எவரும் உறுதி கூற இயலாது.

ஆதலின், மூதாதையரைத் தேட விரும்புவோர் கொழும்புக்கோ லிஸ்பனுக்கோ கடிதம் எழுதுமுன், ஒரு கொப்பியும் பேனாவும் எடுத்துக்கொண்டு வீட்டு முற்றத்தில் அமர்ந்திருக்கும் மூத்தவரின் அருகே உட்காருவாராக. பிறந்த ஊர், கும்பிட்ட கோயில், ஞானத்தாய், தாயின் தாய் என்ற நான்கையும் கேட்டு, அவர் சொல்லும் சொல்லிலேயே எழுதுவாராக. அப்பேச்சில் ஐரோப்பிய ஊர் ஒன்றின் பெயர் வந்தாலும் வரலாம். எழுவான்கரைக் கிராமம் ஒன்றின் பெயர் வருவதற்கே வாய்ப்பு மிகுதி. அப்படி வந்தால் அதனையும் அதே மதிப்போடு எழுதிக்கொள்ளல் வேண்டும்.